பழைய டீசல் கெப் வாகனங்களின் டைமிங் பெல்ட்டும் செயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கெப் (பிக்கப்) தேவைப்பட்டவர்கள் ஏற்கெனவே ஓடிக் களைத்த ஒன்றை வாங்கினார்கள், அல்லது கையில் இருந்ததையே மேலும் ஓட்டினார்கள். பதினைந்து வயதைத் தாண்டிய ஹைலக்ஸ்களும் எல்200களும் நவாராக்களும் இன்றும் மரக்கறி மூட்டைகளோடு தம்புள்ளைக்குப் போய் வருகின்றன. இந்த எஞ்சின்களின் முன்மூடியைத் திறந்து பழுது பார்ப்பது என் தொழில். கராஜுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

டைமிங் என்று எதைச் சொல்கிறீர்கள்?

எஞ்சினின் அடியில் கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. அது பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டுகிறது. மேலே சிலிண்டர் ஹெட்டில் கேம் ஷாஃப்ட் சுழல்கிறது. அது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு ஒரு பல் அளவுகூடப் பிசகக் கூடாது. இரண்டையும் பிணைத்து வைத்திருப்பது டைமிங் பெல்ட், செயின் அல்லது பற்சக்கரம்.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. டீசல் எஞ்சினில் காற்றை மிக இறுக்கமாக அழுத்த வேண்டியிருப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடையே மிகச் சிறிய இடைவெளிதான் மிஞ்சும். அந்த நேரத்தில் ஒரு வால்வு திறந்து நின்றால் பிஸ்டன் அதன் மேல் மோதும். பெல்ட் அறுந்தால் எஞ்சின் போகும் என்று சொல்வது இதனால்தான்.

என் வாகனத்தில் இருப்பது பெல்ட்டா, செயினா?

வாகனத்தின் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. எஞ்சினின் குறியீடுதான் சொல்லும்.

ஏழாம் தலைமுறை ஹைலக்ஸில் வரும் 2.5 லிட்டர் 2கேடி, 3 லிட்டர் 1கேடி ஆகிய இரண்டிலும் பெல்ட் இருக்கிறது. 2015இல் வந்த அடுத்த தலைமுறையின் 2.4 லிட்டர் 2ஜிடி, 2.8 லிட்டர் 1ஜிடி எஞ்சின்கள் செயினுக்கு மாறின. மிட்சுபிசி எல்200இன் 2.5 லிட்டர் 4டி56இல் பெல்ட்; ஒன்றல்ல, இரண்டு. நிசான் நவாராவின் 2.5 லிட்டர் ஒய்டி25இல் செயின். தமிழ்நாட்டில் உறவினர் பழைய இனோவா வைத்திருந்தால் அதுவும் 2கேடி எஞ்சின்தான்; ஹைலக்ஸுக்குச் சொல்வது அவருக்கும் பொருந்தும்.

பெல்ட்டும் இல்லாமல் செயினும் இல்லாமல் பற்சக்கரங்களால் மட்டுமே ஓடும் எஞ்சின்களும் உண்டு. அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப்பில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் அப்படிப்பட்டது. பற்சக்கரம் தேயவே தேயாது என்று அதன் உரிமையாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள், ஏறக்குறைய உண்மைதான். ஆனால் 1998 வரை வந்த பன்னிரண்டு வால்வு எஞ்சினில், பற்சக்கர உறையைப் பொருத்தும் சிறிய எஃகு முளை ஒன்று அதிர்வில் கழன்று பற்களுக்கு நடுவே விழுந்துவிடுவது உண்டு. அங்குள்ள மெக்கானிக்குகள் அதற்குக் கொலைகார முளை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது வெளியே வராதபடி சிறு தகடு ஒன்றை மேலே வைத்துப் போல்ட்டால் இறுக்குவதே அதற்கு மருந்து.

பெல்ட், செயின் இரண்டில் எது நல்லது?

எது நல்லது என்பதை விட, எது எப்படிச் சாகும் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். பெல்ட் சொல்லாமல் அறும். நேற்று வரை பூனைபோல ஓடிய எஞ்சின் இன்று நடுவழியில் நின்றுவிடும். செயின் சொல்லிவிட்டுத்தான் அறும். மாதக்கணக்கில் சத்தம் போட்டுக் கெஞ்சும். ஆகவே பெல்ட் வாகனக்காரர் நம்ப வேண்டியது நாட்காட்டியையும் கிலோமீட்டரையும். செயின் வாகனக்காரர் நம்ப வேண்டியது ஆயிலையும் தன் காதையும். பெல்ட் வாகனத்தில் சத்தம் வரட்டும் என்று காத்திருப்பவர்களும், செயின் வாகனத்தில் அதற்கு ஆயுள் முழுக்க எதுவும் ஆகாது என்று நம்புபவர்களும்தான் எங்களிடம் பெரிய பில் கட்டுகிறார்கள்.

ஹைலக்ஸில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும்?

கேடி எஞ்சினுக்குப் பல நாடுகளின் கையேடுகள் 150,000 கிலோமீட்டர் என்கின்றன. சில சந்தைகளுக்கு 100,000 என்றும் உண்டு. உங்கள் வாகனத்தின் கையேடு எதைச் சொல்கிறதோ அதுவே உச்ச வரம்பு. மலைப்பாதையில் பாரம் ஏற்றுகிறவர்களுக்கும், வயல் சேற்றில் இறங்கி ஏறுகிறவர்களுக்கும் நான் 100,000 என்றே சொல்கிறேன்.

காலக் கணக்கும் உண்டு. ரப்பர் ஓடினாலும் முதிரும், ஓடாவிட்டாலும் முதிரும். ஏழு ஆண்டு கடந்த பெல்ட்டை, 60,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்பதற்காக நான் விட்டுவைப்பதில்லை.

இந்த எஞ்சினில் பெல்ட் மாற்றுவது பெரிய வேலையுமல்ல. கீழே கிராங்க் ஷாஃப்டிலிருந்து பற்சக்கரங்கள் எரிபொருள் பம்ப்பைச் சுழற்றுகின்றன. அந்தப் பற்சக்கர வரிசையிலிருந்து மேலே ஒரு குட்டையான பெல்ட் கேம் ஷாஃப்டுக்குப் போகிறது. கிராங்க் புல்லியைக் கழற்றவே தேவையில்லை. பழகிய கை அரை நாளுக்குள் முடித்துவிடும். இவ்வளவு எளிதாக அமைந்த எஞ்சினில் பெல்ட்டை அறுந்துபோக விடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது.

டாஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு எரியவில்லையே. அப்படியானால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. அந்த விளக்குக்குப் பெல்ட்டைப் பற்றி எதுவும் தெரியாது. குறித்த கிலோமீட்டர் ஓடியதும் எரிய வேண்டும் என்பது மட்டுமே அதற்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பெல்ட்டில் ஆயில் பட்டு ஊறியிருந்தாலும், பல் உதிர்ந்திருந்தாலும் அது எரியாது.

அதைவிட மோசமான விஷயம், பெல்ட்டை மாற்றாமலேயே விளக்கை மட்டும் அணைத்துவிட முடியும். ஓடோமீட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்துச் செய்கிற சில நிமிட வேலை அது. கைமாறி வந்த வாகனத்தில் விளக்கு அணைந்திருப்பது எதற்கும் அத்தாட்சியாகாது. பெல்ட் வாங்கிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என் கெப் அதிகம் ஓடுவதில்லை. ஆனால் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். ஏசிக்காகவும் சந்தையில் வரிசைக்காகவும் எஞ்சினை ஓடவிட்டு நிற்பவர்கள் பலர். ஐட்லிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 750 சுற்று ஓடுகிறது என்றால் மணிக்கு 45,000 சுற்று. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் 2,000 சுற்றில் போனால் மணிக்கு 120,000 சுற்று. அப்படிப் பார்த்தால் ஒரு மணி நேரம் நின்றபடி ஓடுவது, பெல்ட்டுக்கு 30 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். நாளுக்கு இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் 18,000 கிலோமீட்டர். ஓடோமீட்டரில் இதில் ஒன்றுகூட ஏறாது.

செயின் வாகனத்துக்கும் இது கெடுதலே. ஐட்லிங்கில் ஆயில் அழுத்தம் குறைவு, கரி அதிகம்.

மூடியைத் திறந்து பார்த்தால் பெல்ட்டின் நிலை தெரியாதா?

கெட்டது தெரியும்; நல்லது தெரியாது. வெடிப்பு, பளபளப்பாக இறுகிய முதுகு, பிய்ந்த ஓரம், ஆயில் ஈரம் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டால் அன்றே மாற்ற வேண்டும். ஆனால் இவை எதுவும் இல்லாததால் பெல்ட் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இன்றைய பெல்ட்டுகளின் பலம் ரப்பரில் இல்லை. உள்ளே ஓடும் கண்ணாடி இழைக் கயிறுகளில் இருக்கிறது. அவை உள்ளுக்குள்ளேயே ஒவ்வொன்றாக அறும்போது வெளித்தோல் புதிதுபோலவே இருக்கும்.

புதுப் பெல்ட்டை மடித்துப் பையில் திணிக்கக் கூடாது, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பார்க்கக் கூடாது என்று நாங்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். ஒரு தடவை நெரிந்த கண்ணாடி இழை அந்த இடத்தில்தான் பின்னால் அறும். கடையில் பெல்ட்டை ஆணியில் தொங்கவிட்டு மடித்து வைத்திருந்தால் அதை வாங்காதீர்கள்.

பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாதா? ஏன் டென்ஷனர், ஐட்லர் என்று பட்டியல் நீள்கிறது?

பெல்ட் நன்றாக இருந்தும் எஞ்சின் போன வாகனங்களைப் பார்த்திருக்கிறேன். பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளையான ஐட்லரின் பேரிங்கில் கிரீஸ் காய்ந்து, உருளை இறுகி, அதன் சூட்டில் புதுப் பெல்ட் உருகிப் போயிருந்தது. பேரிங்கும் பெல்ட் ஓடிய அதே தூரம் ஓடியிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் மாற்றுவதில் மிஞ்சும் பணம் சொற்பம்.

கேடி எஞ்சினில் பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது ஆயில் நிரம்பிய சிறு ஹைட்ராலிக் டென்ஷனர். அதன் தண்டைச் சுற்றி ஆயில் கசிந்திருந்தாலோ, விரலால் அழுத்தும்போதே உள்ளே போனாலோ அது முடிந்தது. கூடவே கேம் ஷாஃப்ட் ஆயில் சீலையும் பாருங்கள். சீல் கசிந்து பெல்ட்டில் ஆயில் பட்டால் ரப்பர் ஊதிப் பல் கழன்று வரும்.

வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பது எஞ்சினைப் பொறுத்தது. பழைய டொயோட்டா டண்ட்ராவின் 4.7 லிட்டர் வி8இல் டைமிங் பெல்ட்டே வாட்டர் பம்ப்பையும் சுழற்றுகிறது. அங்கே இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் சரி. ஹைலக்ஸ் கேடியில் வாட்டர் பம்ப் வெளி பெல்ட்டில் ஓடுகிறது. கசிவில்லாத பம்ப்பைக் கழற்றச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் காரணம் கேளுங்கள்.

பெல்ட் மாற்றும்போது நான் அருகில் நின்று எதைக் கவனிக்கலாம்?

நிற்பது நல்லதே, நல்ல மெக்கானிக் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் டைமிங் குறிகளை ஒன்றோடொன்று பொருத்துகிறாரா என்று பாருங்கள். பழைய பெல்ட்டில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு அதைப் புதியதில் நகல் எடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பழைய பெல்ட்டே ஒரு பல் தாண்டியிருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்தே நகலாகும். எஞ்சினில் உள்ள குறிதான் சாட்சி.

அடுத்தது டென்ஷனர். அதன் தண்டை உள்ளே தள்ளுவதற்கு நேராக நிறுத்தி, பிரஸ்ஸில் மெதுவாக அழுத்தி, துளைகள் நேரானதும் மெல்லிய ஊசி ஒன்றைச் செருக வேண்டும். சாய்வாக வைத்தோ சுத்தியலால் தட்டியோ உள்ளே தள்ளினால் உள் சீல் அங்கேயே பழுதாகும். தெரிய வருவது மூன்று மாதம் கழித்து. புது டென்ஷனர் ஊசியோடே வரும். பெல்ட் மாட்டி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகுதான் ஊசியை இழுக்க வேண்டும்.

கடைசிப் பரீட்சை மிக முக்கியம். செல்ஃப் அடிப்பதற்கு முன் கிராங்க் ஷாஃப்டை ஸ்பேனர் போட்டுக் கையால் எஞ்சின் ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுழற்ற வேண்டும். எல்லாக் குறிகளும் மறுபடி தத்தம் இடத்தில் வந்து நிற்க வேண்டும். நடுவில் எங்காவது தடை பட்டால் வலிந்து சுழற்றக் கூடாது. அது பிஸ்டனில் வால்வு முட்டும் இடம். இந்த இரண்டு சுற்றுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. அதைச் செய்யாமல் சாவியைத் திருப்புகிறவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

எல்200இல் இரண்டு பெல்ட் என்றீர்களே, இரண்டாவது எதற்கு?

நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு இயல்பாக ஓர் அதிர்வு உண்டு. அதைத் தணிக்க 4டி56இல் இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளை வைத்திருக்கிறார்கள். அவை கிராங்க்கைப் போல இரு மடங்கு வேகத்தில் சுழலும். அவற்றுக்கென்று ஒரு சின்னப் பெல்ட், பெரிய டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் ஓடுகிறது.

ஆபத்து இந்தச் சின்னப் பெல்ட்டில்தான் இருக்கிறது. அது அறுந்தால் எஞ்சினுக்கு நேரடியாக எதுவும் ஆகாது. ஆனால் அறுந்த துண்டு பெரிய பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே சிக்கி, அதையும் தாண்டவைக்கும் அல்லது அறுத்துவிடும். செலவு குறைக்கிறேன் என்று பெரியதை மட்டும் மாற்றிச் சின்னதை விட்டுவைத்த எஞ்சின்கள் இப்படித்தான் சாகின்றன. இரண்டையும் இரண்டு டென்ஷனர்களையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

சின்னப் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்து கொடுப்பதில்லை. அதிர்வைத் தணிக்க வைத்த பாகத்தை நிறுத்திவிட்டால் அந்த அதிர்வை மவுண்ட்டுகளும் பிராக்கெட்டுகளும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்திருக்குமோ என்று சந்தேகம். என்ன செய்வது?

செல்ஃப் அடிக்காதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முயலாதீர்கள்.

என் அண்ணன் ஒரு ஹைலக்ஸ் வாங்கினார். பெல்ட் மாற்றியாகிவிட்டது என்று விற்றவர் வாயால் சொன்னார், ரசீது இல்லை. மூன்றாம் மாதம், பாரத்தோடு ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் சட்டென்று நின்றது. உதவிக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு தடவை செல்ஃப் அடித்துப் பார்த்தார்கள். ஹெட்டைக் கழற்றியபோது பல வால்வுகள் வளைந்திருந்தன. இரண்டு பிஸ்டன்களில் ஆழமான வடு. முதல் மோதலோடு நிறுத்தியிருந்தால் பிஸ்டன்களாவது தப்பியிருக்கும் என்பதே என் எண்ணம். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மூடியை நானே திறந்து பார்த்திருப்பேன்.

அடையாளம் இது: செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான ஏற்ற இறக்கமான ஒலி வராது. எந்தத் தடையும் இல்லாமல் ஒரே சீராக, வேகமாகச் சுழலும். அந்த ஒலியைக் கேட்ட கணமே சாவியை எடுத்துவிட்டுக் கயிறு கட்டி இழுக்க ஆள் தேடுங்கள்.

அறுந்துவிட்டால் புது எஞ்சின்தான் போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் மேல்மூடியைத் திறந்து கேம் ஷாஃப்ட்டையும், வால்வை அழுத்தும் ராக்கர்களையும் பார்க்க வேண்டும். 4டி56இல் பல சமயம் ராக்கர் ஆர்ம் முதலில் உடைந்து, வால்வு தப்பிவிடும். குறிகளைப் பொருத்திப் புதுப் பெல்ட் மாட்டி, கம்ப்ரஷன் (சிலிண்டரில் காற்று அழுந்தும் அளவு) அளந்தால் எந்தச் சிலிண்டரில் வால்வு வளைந்திருக்கிறது என்று தெரியும். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லையென்றாலும் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும்.

இறங்கிய பின் வளைந்த வால்வை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது அரைகுறை வேலை. வால்வு கைடுகளில் வெடிப்பு உண்டா, ஹெட் சமதளமாக இருக்கிறதா, சீட்டில் வால்வு சரியாக அமர்கிறதா என்று லேத் பட்டறையில் பார்க்க வேண்டும். ஹெட் கேஸ்கெட் வாங்கும்போது கவனம்: டீசல் எஞ்சினுக்கு அது பல தடிப்புகளில் வருகிறது. பிஸ்டன் உச்சியில் பிளாக்குக்கு மேலே எவ்வளவு நீட்டி நிற்கிறது என்று டயல் கேஜால் அளந்து அதற்கேற்ற தடிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் கிடைத்ததைப் போட்டால் கம்ப்ரஷன் குறையும், அல்லது வால்வும் பிஸ்டனும் மறுபடி சந்திக்கும்.

நவாராவில் எஞ்சின் முன்பக்கத்திலிருந்து ஊளைபோன்ற சத்தம் வருகிறது. செயினா?

2005 முதல் வந்த டி40 நவாராவின் ஆரம்ப ஆண்டு வாகனம் என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது செயின்தான். அந்த ஆண்டுகளின் ஒய்டி25 எஞ்சினில் ஒற்றை வரிசைச் செயின் நீண்டுபோவது பல நாடுகளிலும் தெரிந்த நோய். சத்தம் 1,500 சுற்றுக்கு அருகில் ஊளையாகக் கேட்கும், பின்னர் உரசலாக மாறும், முற்றினால் அறும். இப்போது கிடைக்கும் மேம்பட்ட தொகுதியில் இரட்டை வரிசைச் செயின் வருகிறது. செயின், அது மாட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட், கைடு, டென்ஷனர் எல்லாவற்றையும் முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் அது புதுச் செயினையும் தின்னும்.

செயின் நீள்கிறது என்று சொல்கிறோமே தவிர, இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் முளையும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு மூட்டில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால், நூறு கண்ணியுள்ள செயின் ஒரு மில்லிமீட்டர் நீள்கிறது. அந்தத் தொய்வை டென்ஷனர் ஓரளவு வரை வாங்கிக்கொள்ளும். அதன் எல்லை முடிந்ததும் செயின் உறையில் அடிக்கத் தொடங்கும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் பழைய வழி நீண்ட ஸ்க்ரூ டிரைவர். முனையை எஞ்சின் முன்மூடியில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டினால் உள்ளே நடப்பது கேட்கும். பிறகு ஆல்டர்னேட்டரிலும் வாட்டர் பம்ப்பிலும் வைத்து ஒப்பிடுங்கள். சட்டைக் கையும் சேலைத் தலைப்பும் மின்விசிறிக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு நொடி கரகரக்கிறது. பயப்பட வேண்டுமா?

செயினின் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் நிற்கிறது. இரவு முழுக்க ஆயில் கீழே இறங்கியிருப்பதால் முதல் ஒரு நொடி தளர்வு இருக்கலாம். அது இரண்டு நொடி, மூன்று நொடி என வளர்ந்தாலோ, சூடான பிறகும் தொடர்ந்தாலோ காட்டுங்கள். அதற்கு முன் ஆயில் ஃபில்டரை நல்ல தரத்தில் மாற்றிப் பாருங்கள். ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு இருக்கும். மலிவான ஃபில்டரில் அது சரியாக மூடாது. ஃபில்டர் மாற்றியதும் சத்தம் நின்றால் மகிழ்ச்சி.

செயினுக்கும் ஆயிலுக்கும் அவ்வளவு தொடர்பா?

செயினுக்கு ஆயிலைத் தவிர வேறு பாதுகாப்பே இல்லை. டீசல் ஆயிலில் சேரும் கரி மிக நுண்ணிய அரத்தூள்போல ஒவ்வொரு மூட்டையும் தேய்க்கும். பாரமும் புழுதியும் மலையும் இருக்கும் நம் ஓட்டத்துக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுவதே என் கணக்கு. கையேடு சொல்லும் தரமும் தடிப்பும் இருந்தால் போதும். விளம்பரம் சொல்லும் கூடுதல் மருந்துகள் எதையும் ஊற்ற வேண்டாம்.

பெல்ட் வாகனம்தானே என்று ஹைலக்ஸ்காரர்கள் ஆயிலை அலட்சியம் செய்யவும் கூடாது. 1கேடி எஞ்சினின் ஆரம்ப ஆண்டுகளில் இன்ஜெக்டரின் அடியில் உள்ள செப்பு சீட் கசிவது தெரிந்த குறை. எரிந்த வாயு அதன் வழியே ஆயில் பக்கம் புகுந்து தார்போன்ற கரியை உண்டாக்கும். அந்தக் கரி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இருக்கும் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஆயில் நிறைய இருந்தும் எஞ்சின் வறண்டு சாகும். பெல்ட் வேலைக்கு வரும் ஹைலக்ஸின் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம். கெட்டியான தார் ஒட்டினால் சம்ப்பை இறக்கிச் சல்லடையைப் பார்க்கச் சொல்கிறேன்.

ஸ்கேனரில் பி0016 என்று காட்டியது. சென்சார் மாற்றச் சொல்கிறார்கள்.

கிராங்க் சென்சார் சொல்வதும் கேம் சென்சார் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்பதே அந்தக் குறியீட்டின் பொருள். இருவர் வாக்குமூலம் முரண்பட்டால் உடனே ஒருவரைப் பொய்யர் என்று முடிவு செய்யக் கூடாது. இருவரும் உண்மையே சொல்லலாம். செயின் நீண்டிருந்தால், அல்லது பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தால் இப்படித்தான் காட்டும். வயரிங்கைப் பார்த்த பின், மூடியைத் திறந்து டைமிங் குறியைப் பாருங்கள். அதுவரை சென்சாருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கனடாவில் இருக்கும் என் மகனின் ஃபோர்ட் எஃப்-150 சத்தம் போடுகிறதாம். அதுவும் செயின்தானா?

எந்த எஞ்சின், எப்போது சத்தம் என்று கேளுங்கள். 2004 முதல் வந்த, சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ள 5.4 லிட்டர் ட்ரைட்டன் என்றால், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐட்லிங்கில் டக் டக் என்று தட்டும். டென்ஷனரின் சீல் பிய்ந்து ஆயில் அழுத்தம் வீணாவதும், அதனால் கேம் ஃபேஸருக்கு அழுத்தம் போதாமல் அது தட்டுவதும் காரணம். கேம் ஃபேஸர் என்பது ஓட்டத்துக்கேற்ப வால்வு நேரத்தை முன்பின் நகர்த்தும் பாகம். 2017 முதல் 2020 வரையான 3.5 லிட்டர் இகோபூஸ்ட் என்றால் நேர்மாறு: குளிரில் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் கரகரக்கும். அதற்கு ஃபோர்ட் திருத்திய ஃபேஸரை வெளியிட்டிருக்கிறது. ட்ரைட்டனில் ஃபேஸரை மட்டும் மாற்றிவிட்டு ஆயில் அழுத்தத்தை அளக்காமல் விட்டால் சத்தம் திரும்பி வரும்.

ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட் என்கிறார்களே, அது என்ன?

ஃபோர்ட் ரேஞ்சரில் வந்த 2 லிட்டர் இகோபுளூ டீசலில் அப்படி ஒரு பெல்ட் உண்டு. ஆயிலில் ஊறி ஓடுவதற்கென்றே செய்த ரப்பர். தவறான ஆயிலை ஊற்றினாலோ, ஆயிலைக் காலம் கடத்தினாலோ அந்த ரப்பர் உதிரும். உதிர்ந்த துகள் ஆயில் சல்லடையை அடைக்கும். கையேடு குறிப்பிடும் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை அறுத்து உள்ளே கறுப்பு ரப்பர்த் துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

கதவு, பம்பர், ஹெட்லைட், கியர் பெட்டி எதையும் அங்கே தேடிப் பார்த்து வாங்குங்கள்; நானும் வாங்குகிறேன். டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர், செயின் ஆகியவற்றை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின் முழுதாகக் கிடைத்தாலும், அதில் இருக்கும் பெல்ட்டை வாகனத்தில் ஏற்றும் முன்பே மாற்றிவிடுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது அது மிக எளிது. புதியதில் கேட்ஸ், பேண்டோ, மிட்சுபோஷி, டேகோ போன்ற நிறுவனங்களின் பெல்ட்டுகளை நம்பலாம். அதே பெயரில் போலிகளும் வருவதால் பாக எண்ணும் எழுத்தும் பெல்ட்டின் முதுகில் தெளிவாக அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்து, ரசீதோடு வாங்குங்கள்.

மாற்றியாகிவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும்?

டி-பெல்ட் விளக்கின் கணக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருநாள் மேல்மூடியைத் திறந்து, ஆயில் கசிவு இருக்கிறதா, பெல்ட் ஓரம் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய பெல்ட்டைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாற்றியதற்கு அதுவே சாட்சி. நான் வேலை முடித்ததும் தேதியையும் ஓடோமீட்டர் கணக்கையும் வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் பெல்ட் மூடியின் மேல் எழுதிவிடுகிறேன். வாகனம் நாளை யார் கைக்குப் போனாலும், பானட்டைத் திறக்கிறவர் அந்த எழுத்தைப் பார்ப்பார்.